வெயிலை வெளியே நிறுத்துங்கள், ஏர்கான் அப்புறம்!

வரிசை வீட்டின் சாவி கைக்கு வந்ததும் நம்மவர்கள் செய்யும் வேலை இரண்டு. முன்னால் இருக்கும் புல்தரையைப் பெயர்த்து டைல்ஸ் பதிப்பது. பின்னால் சமையலறையை எல்லைச் சுவர் வரை நீட்டுவது. வீடு பெரிதாகிறது, உண்மைதான். ஆனால், இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் நிற்க, காற்றுக்கு இருந்த வழியே முன்னும் பின்னும் மட்டும்தானே? வெளியேற இடமில்லாத வீட்டுக்குள் காற்று நுழையாது. உடனே படுக்கையறைக்கு ஏர்கான். பகல் முழுக்கக் கூடத்தில் புழுங்குவதோ தாத்தாவும் பாட்டியும்.

கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சந்தலையில்தான். ஆகவே, புதுப்பிக்கும் பணத்தில் முதல் பங்கு கூரைக்குப் போகட்டும். ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் விரிக்கலாம். அதன் பளபளப்பான பக்கத்தை ஒட்டிக் காற்று இடைவெளி இருக்க வேண்டும். வேறொன்றோடு ஒட்டிக்கிடந்தால் பலன் போய்விடும். சீலிங் மேல் கண்ணாடிப் பஞ்சு போடுவதும் நல்லது. கட்டடக் கலைஞர் கென் யாங் 1980களில் தமக்கெனக் கட்டிய வீட்டில், கூரைக்கு மேல் இன்னொரு நிழற்கூரையே போட்டார். அவர் வடிவமைத்த சுபாங் ஜெயா மெனாரா மெசினியாகா, செடிகள் சுற்றி ஏறும் அலுவலகக் கோபுரம். 1995இல் ஆகா கான் விருது பெற்றது.

நமக்குக் கோபுரம் வேண்டாம், கொடி போதும். மாலை வெயில் சாய்ந்து விழுவதால், மேற்குப் பக்கத்தைக் கூரை விளிம்பு காப்பாற்றாது. அங்கே சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கம்பி வலை கட்டி, அவரையோ கோவையோ ஏற்றுங்கள். வெயிலை இலை வாங்கிக்கொள்ளும். இலையிலிருந்து ஆவியாகும் நீர் சுற்றிலும் குளிர்ச்சி தரும். காய் குழம்புக்கு! தொட்டித் தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், ஏடிஸ் குடியேறிவிடும். ஓட்டுக் கூரையில் மண் கொட்டித் தோட்டம் போடும் ஆசையும் வேண்டாம், பாரம் தாங்காது.

சமையலறையை நீட்டியே ஆக வேண்டுமா? பினாங்கு ஜார்ஜ்டவுன் கடைவீடுகளைப் பாருங்கள். நீண்டு ஒடுங்கிய அந்த வீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். சூடான காற்று அதன் வழியே மேலே போய்விடும், வெளிச்சமும் கிடைக்கும். செட்டிநாட்டு முற்றத்தின் உறவுதான்! நீட்டிப்புக்கு நகராண்மைக் கழகத்திடம் கொடுக்கும் வரைபடத்திலேயே சிறியதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். குத்தகையாளர் “இடம் வீணாகுமே” என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும், அந்த வீட்டில் பகல் முழுக்க இருக்கப்போவது அவர் இல்லையே.