கணக்குத் தெரிந்த தளபதி

1943 ஜனவரி 31. ஸ்டாலின்கிராடில் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்த ‘யூனிவர்மாக்’ அங்காடியின் நிலவறை. முகம் மழிக்காத, நெட்டையான மனிதர் ஒருவர் அங்கிருந்து சிறைபிடிக்கப்பட்டார். பெயர் ஃபிரீட்ரிக் பவுலஸ். முந்தின நாள்தான் ஹிட்லர் அவரை ஃபீல்டு மார்ஷலாக உயர்த்தியிருந்தார். அந்தப் பதவியில் இருந்த ஜெர்மானியர் எவரும் அதுவரை எதிரியிடம் சரணடைந்ததில்லை. ‘உயிரோடு பிடிபடாதே’ என்பதுதான் அந்தப் பரிசின் உள்ளர்த்தம். பவுலஸுக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் கைத்துப்பாக்கியைத் தொடவில்லை.

அடிப்படையில் அவர் வரைபட மேஜையின் ஆள். சோவியத் யூனியன்மீது படையெடுக்கும் ‘பார்பரோசா’ திட்டத்தில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1940 கடைசியில் அதை வரைபடத்தில் ஒத்திகை பார்த்தவரும் அவரே. ஒரு டிவிஷனைக்கூடப் போரில் நடத்தாதவரிடம் 1942 ஜனவரியில் ஆறாவது படை மொத்தமும் ஒப்படைக்கப்பட்டது. ஜாதகம் பார்க்க வந்தவரையே மணவறையில் உட்கார வைத்த கதை!

அந்த ஆண்டு நவம்பர் 19 அன்று, ஸ்டாலின்கிராடில் போரிட்டுக்கொண்டிருந்த அந்தப் படையின் பக்கவாட்டைக் காத்துநின்ற ருமேனியப் படைகள்மீது செஞ்சேனை பாய்ந்தது. நான்கே நாளில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வளையத்துக்குள். உடைத்துக்கொண்டு வெளியேற பவுலஸ் அனுமதி கேட்டார். ஹிட்லர் மறுத்தார். விமானத்தில் எல்லாம் வந்து சேரும் என்றார் விமானப்படைத் தலைவர் கோரிங். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் வேண்டும். சராசரியாக வந்ததோ 100 டன்னை ஒட்டித்தான். இந்தக் கணக்கு வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் பவுலஸுக்குப் புரிந்திருக்கும். உத்தரவை மீறுங்கள் என்று அவருக்குக் கீழிருந்த ஜெனரல் சைட்லிட்ஸ் வற்புறுத்தியும் அவர் அசையவில்லை. டிசம்பரில் ஃபீல்டு மார்ஷல் மான்ஸ்டைனின் மீட்புப் படை சுமார் 50 கிலோமீட்டர் வரை நெருங்கியபோது பவுலஸின் டாங்கிகளுக்கு எரிபொருள் போதவில்லை என்பது உண்மைதான். நவம்பரில் நிலைமை அவ்வளவு மோசமில்லையே!

ஜனவரி 8 அன்று சோவியத் தரப்பு சரணடையச் சொன்னது. மறுத்தார். பட்டினியிலும் பனியிலும் மேலும் மூன்று வாரம் சிப்பாய்கள் செத்தார்கள். தான் பிடிபட்ட பிறகும், நகரின் வடக்கே போராடியவர்களுக்குச் சரணடையும் உத்தரவு தர அவர் ஒப்பவில்லை. அவர்கள் பிப்ரவரி 2 வரை தாங்கினார்கள்.

1944-ல் ஹிட்லரை எதிர்த்து வானொலியில் பேசினார். 1946-ல் நியூரம்பர்க் போர்க்குற்ற விசாரணையில் சோவியத் தரப்பின் சாட்சியானார். 1953-ல் விடுதலையாகி டிரெஸ்டனில் குடியேறினார். ஸ்டாலின்கிராடில் சிறைப்பட்ட சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஏறக்குறைய 6,000 பேர். அவர்களில் கடைசியாக வந்தவர்கள், தங்கள் தளபதி விடுதலையாகி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகே வீடு சேர்ந்தார்கள்.