ரோமில் இரண்டரை நாள்: எதையெல்லாம் விடுவது?

ரோமுக்கு இரண்டரை நாள் போதுமா என்றால், யார் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நாங்கள் நாலு பேர். அம்மாவுக்கு 71 வயசு, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. படி என்றால் ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் யாராவது ஒருத்தர் வேணும். மகளுக்கு 10 வயசு. இடிந்த சுவர்களை அரை மணி நேரத்துக்கு மேல் பொறுக்கமாட்டாள். மனைவியும் நானும் நடுவில். அம்மாவால் இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வர முடியுமான்னு சொல்ல முடியாது. அதனால இந்தத் திட்டத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசிச்சுதான் போட்டேன்.

"கட்டாயம் பார்க்க வேண்டிய 20 இடங்கள்" வகைப் பட்டியல்கள் நமக்கு உதவாது. இருபதும் நல்ல இடம்தான், ஆனா அம்மாவின் நடைவேகம்தான் மொத்தக் குடும்பத்தின் வேகம். டெட்லைன் நகராதுன்னா ஃபீச்சரை வெட்டு என்பது எங்க தொழிலில் பாலபாடம். முதலில் வெட்டியது வாடிகன் அருங்காட்சியகம். சிஸ்டைன் சேப்பலைப் பார்க்காம ஒரு ரோமான்னு அடிக்க வருவீங்க. அந்தக் கூரையைப் பார்க்க நீளநீளமான கூடங்களைக் கூட்டத்தோடு கூட்டமாகக் கடக்கணும். அம்மாவுக்கு அது தண்டனை.

பக்கத்திலிருக்கும் புனித பேதுரு பேராலயத்தை வைத்துக்கொண்டோம். கட்டணம் கிடையாது, பாதுகாப்புச் சோதனை வரிசை உண்டு, விடிந்ததும் போனால் சின்னதாக இருக்கும். தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், புடவைக்குக் கவலையில்லை. குவிமாடத்துக்கு 551 படி, லிஃப்ட்டில் பாதி போனாலும் 320 மிச்சம். அதையும் வெட்டியாச்சு.

மிச்ச ஊரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே போகலாம் என்று முடிவு பண்ணினேன். ஆள், 81 முதல் 96 வரை ஆண்ட பேரரசன் டொமிஷியன். கொலோசியத்தைத் தொடங்கியவர் அவன் அப்பா வெஸ்பாசியன். 80-ல் திறந்து வைத்தவன் அண்ணன் டைட்டஸ். மேல் அடுக்கையும் அரங்குத் தரைக்கு அடியிலுள்ள அறைகளையும் சேர்த்தவன் தம்பி டொமிஷியன். ஒரு குடும்பத்துக் கதை என்பதால் மகளுக்குச் சொல்லவும் சுலபம்.

ஆகவே முதல் நாள் காலை கொலோசியம். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம்; வெளியே வந்தால் கண்ணெதிரே நிற்கும். நுழையும் நேரம், பெயர் எல்லாம் அச்சிட்ட டிக்கெட். பாஸ்போர்ட்டைக் கையில் வைச்சுக்கணும். 18 வயசுக்குக் கீழே இலவசம்தான், ஆனா அவங்களுக்கும் டிக்கெட் எடுக்கணும். மேல் தளத்துக்கு லிஃப்ட் இருக்கு. அதே டிக்கெட்டில் ஃபோரமும் அடக்கம். டைட்டஸ் வளைவுப் பக்கமா நுழைந்தால் கீழ்நோக்கிய சரிவு. பாதை மட்டும் மேடுபள்ளமான கருங்கல். புடவைக்குக் கீழே ஷூவான்னு அம்மா முகம் சுளிச்சாங்க. கடைசியில் ஷூதான் ஜெயித்தது.

வளைவைத் தாண்டினால் வலப்பக்கம் மூன்று பிரம்மாண்டமான கமான்கள். மாக்சென்டியஸ் தொடங்கி கான்ஸ்டன்டைன் 312 வாக்கில் முடித்த மண்டபத்தின் மிச்சம். நான் அம்மாவை அங்கே கூட்டிப்போவது கமானுக்காக இல்லை. அந்த மண்டபத்துக்கு முன்னால் அதே இடத்தில் இருந்தது டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு. பேரே மிளகுக் கிடங்குதான், ஹோர்ரியா பிப்பரடாரியா. மேற்குத் தொடர்ச்சி மலையில் விளைந்து முசிறித் துறையில் கப்பலேறிய மிளகு வந்து சேர்ந்த ஊர் இது. இந்தியச் சரக்குக்கு வருஷம் 5 கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று பிளினி புலம்பியிருக்கிறார். 408-ல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், தங்கம் வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் கேட்டான். அம்மாவுக்குக் கரூர். அமராவதி ஆற்றில் ரோமானியக் காசு கிடைத்த ஊர்க்காரங்களுக்கு அந்தக் காசு எதற்கு வந்ததுன்னு காட்ட இதைவிட நல்ல இடம் கிடையாது. பலட்டைன் குன்றில் டொமிஷியனின் அரண்மனை இருக்கு, ஆனால் ஏற்றம். தேவைப்பட்டால் நானும் மகளும் மட்டும்.

மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். இதில் சமரசமே இல்லை.

இரண்டாம் நாள் காலை பேராலயம், மாலை பாந்தியன். 2023 ஜூலையிலிருந்து அதற்கும் டிக்கெட். குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உயரமும் ஒரே அளவு, 43.3 மீட்டர், உள்ளே ஒரு பெரிய பந்து கச்சிதமாக உட்காரும். அங்கிருந்து சில நிமிஷ நடையில் பியாத்சா நவோனா. அந்தச் சதுக்கம் ஏன் நீளமாக, ஒரு முனை வளைந்து இருக்கிறது? டொமிஷியனின் ஓட்டப்பந்தய அரங்கத்தின் மேல்தான் அது நிற்கிறது. கல் இருக்கைகள் உண்டு, அம்மா உட்காரலாம். நடுவே பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று. நான்கில் ஒன்று கங்கை. கையில் துடுப்போடு இருப்பவரைத் தேடச் சொல்லி மகளிடம் விட்டுவிட்டால் பத்து நிமிஷம் நிம்மதி.

டொமிஷியன் 96-ல் கொலையானதும் அவன் பெயரை எங்கும் இல்லாமல் அழிக்கச் சொன்னது செனட். ஆனால் அந்த நீரூற்றின் மேல் நிற்கும் தூபி அவன் செய்யச் சொன்னது. அதில் எகிப்திய எழுத்தில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது.

மூன்றாம் நாள் அரை நாளில் எதையும் போடவில்லை. அம்மா கால் எப்படி இருக்குன்னு பார்த்துக்கொண்டு, விடியற்காலையில் ட்ரெவி நீரூற்று.