காளஹஸ்திக் கடலையும் மரபணுக் கத்தரிக்கோலும்

வேலூர், ஆற்காட்டுப் பக்கம் நிலக்கடலைக்குப் பெயர் மல்லாட்டை. எல்லை தாண்டிச் சித்தூருக்குப் போனால் வேருசெனக. பெயர் எதுவானாலும் மானாவாரிச் செம்மண்ணுக்கு வாழ்வு தந்த பயிர் அது.

1970-களின் நடுவில் காளஹஸ்தி வட்டாரத்தில் செடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. காய் சிறுத்து, ஓடு கறுத்துக் கிடந்தது. கண்ணுக்குத் தெரியாத நூற்புழு ஒன்று மண்ணுக்குள் காயைத் தாக்கியிருந்தது. 'காளஹஸ்தி நோய்' என்று ஊர்ப்பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையம் பின்னாளில் அதைத் தாங்கும் ரகத்தை உருவாக்கி, அதற்கும் 'காளஹஸ்தி' என்றே பெயர் வைத்தது. அது வழக்கமான பயிர்ப்பெருக்கத்தில், பல பருவம் பொறுக்கியெடுத்துக் கிடைத்த ரகம். மரபணுத் திருத்தம் இந்தக் காத்திருப்பைக் குறைக்குமா?

எப்படி வெட்டுகிறார்கள்?

மரபணுவைத் திருத்தும் கத்தரிக்கோலான கிரிஸ்பர் கருவிக்கு இரண்டு பாகங்கள். வழிகாட்டி ஆர்.என்.ஏ. என்ற இழை, சுமார் 20 எழுத்து நீள அடையாளத்தை வைத்து மரபணுவில் வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிக்கும். காஸ்-9 என்ற புரதம் அங்கே வெட்டும். செல் தானே அந்த வெட்டை ஒட்டும்போது ஓரிரு எழுத்துகள் விடுபடும், மரபணு முடங்கும். இதைக் கண்டறிந்த எம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டௌட்னா இருவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது.

கடலையில் முதலில் குறிவைக்கப்பட்டவற்றுள் ஒன்று ஃபேட்-2 மரபணு. எண்ணெயிலுள்ள ஒலியிக் அமிலத்தை லினோலியிக் அமிலமாக மாற்றுவது அதன் வேலை. அதை நிறுத்திவிட்டால் எண்ணெய் சீக்கிரம் காறாது. 'டாலன்' என்ற இன்னொரு கருவியால் இதே வழியில் திருத்திய சோயாவின் எண்ணெய் அமெரிக்காவில் 2019-லேயே விற்பனைக்கு வந்தது.

கடலையில் என்ன சிக்கல்?

இரண்டு காட்டுக் கடலை இனங்கள் கலந்து பிறந்தது நம் கடலை. அதனால் பெரும்பாலான மரபணுக்கள் இரட்டையாக இருக்கின்றன. ஒன்றை வெட்டினால் மற்றொன்று வேலையைத் தொடரும். இரண்டையும் முடக்க வேண்டும். அடுத்து, வெட்டுப்பட்ட செல்லை முழுச்செடியாக வளர்த்தெடுக்க வேண்டும். நெல்லில் இது கைவந்த கலை. கடலையும் பருப்பு வகைகளும் சோதனைக்கூடத்தில் லேசில் துளிர்க்காது.

எல்லாவற்றுக்கும் கத்தரிக்கோல் தேவையும் இல்லை. ஒலியிக் அமிலம் கூடிய கிர்னார்-4, கிர்னார்-5 ரகங்கள் கலப்பு முறையிலேயே வந்துவிட்டன. வறட்சியைத் தாங்கும் குணம் பல மரபணுக்கள் கூடிச் செய்யும் வேலை. ஒரு வெட்டில் அது கைகூடாது. வறட்சிக்கு ஈடுகொடுக்கும் திருப்பதியின் 'தரணி' ரகமும் பழைய வழியில் வந்ததே. விவசாயி விரும்பும் ரகத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு குறையை மட்டும் நீக்கலாம் என்பதே புதிய கருவியின் பலம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அயல் மரபணு தங்காத திருத்தப் பயிர்களுக்கு, 1989-ஆம் ஆண்டு விதிகளின் கடும் அனுமதி நடைமுறையிலிருந்து மத்திய அரசு 2022 மார்ச்சில் விலக்கு அளித்தது. 2025 மே மாதம் இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றான 'கமலா', நாம் பி.பி.டி. என்று வாங்கும் சாம்பா மசூரியைத் திருத்தி உருவாக்கியது. கடலையின் முறை இன்னும் வரவில்லை.

வந்தாலும் விதை பெருக வேண்டுமே! ஏக்கருக்கு 50 கிலோவுக்கு மேல் பருப்பு விதைக்கிறோம். ஒன்றுக்குப் பத்து திரும்பினாலே பெரிது. தன் மகரந்தத்தில் காய்க்கும் பயிர் என்பதால் விவசாயி விதையை எடுத்துவைத்துக்கொள்வார். தனியார் விதை நிறுவனங்களுக்கு இதில் பெரிய லாபமில்லை. எனவே சோதனைக்கூடத்துக்குப் பணம் ஒதுக்கும் அரசு, விதைப் பண்ணைக்கும் ஒதுக்க வேண்டும். நல்ல விதை ஆடிப்பட்டத்துக்கு முன் கைக்கு வந்தால்தான் விவசாயிக்கு அது கண்டுபிடிப்பு.