தற்காப்பு மட்டும் வெற்றி தருமா?

முள்ளியவளையில் வயல் செய்வோருக்கு வேலியின் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கதிர் முற்றும் வேளையில் வேலி ஓரிடத்தில் சரிந்தாலும் காட்டுப்பன்றி ஓர் இரவிலேயே பயிரைப் பாழாக்கிவிடும். ஆயினும், வேலி அடைத்ததனால் மட்டும் நெல் விளைந்துவிடுவதில்லை. உதைபந்தாட்டத்துக்கும் இவ்வுண்மை பொருந்தும்.

தொடர்ந்து தோற்றுவரும் கல்லூரி அணியொன்றை எடுத்துக்கொள்வோம். மேலும் கோல் வாங்கி அவமானப்படலாகாதென்று எல்லோரும் தம் கோற்கம்பங்களின் முன்னே குவிந்து நிற்கின்றனர். பந்து காலில் பட்டதும் எங்கேனும் உதைத்துவிடுகின்றனர். முன்னே அதனைப் பெற ஆளில்லை. ஆகவே அது மீண்டும் எதிரணியிடமே சேர்கின்றது. ஓய்வின்றித் தடுத்துக் களைத்த கால்கள் கடைசி நிமிடங்களில் தடுமாறுகின்றன. அப்பொழுது விழும் கோலுக்குப் பந்துக்காப்பாளன் ஒருவனே பழி சுமக்கின்றான். இக்காட்சியை நாம் பலமுறை கண்டு வருந்தியிருக்கின்றோம்.

அவ்வாறாயின் தற்காப்பு தவறானதா? அன்று. 2004ஆம் ஆண்டு ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில், பலரும் பொருட்படுத்தாத கிரேக்க அணி காலிறுதி, அரையிறுதி, இறுதி ஆகிய மூன்று ஆட்டங்களையும் 1–0 என வென்றது. கிரேக்கர் கட்டுப்பாட்டோடு தடுத்தனர். வாய்ப்பு வந்ததும் தயங்காது முன்னேறினர். போர்த்துக்கலை வீழ்த்திய கோல் மூலையுதை ஒன்றிலிருந்தே பிறந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்துக்கும் பின்னால் நின்ற எமது இலங்கை அணி, 2024 செப்ரெம்பரில் கம்போடியாவை அந்நாட்டிலேயே 0–0 எனத் தடுத்து நிறுத்தியது. பின்னர் கொழும்பில் 2–2 எனச் சமநிலை கண்டு, தண்டனை உதைகளில் வென்று, ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் அடுத்த சுற்றுக்குச் சென்றது. முதலாட்டத்தின் தடுப்பு நம்பிக்கையைக் காத்தது. இரண்டாம் ஆட்டத்தில் கோல் அடித்த துணிவே வழியைத் திறந்தது.

எனவே, நலிந்த அணிக்கு நாம் கூறுவது இதுவே: முதலில் வேலியைச் செம்மையாக அடையுங்கள். ஆனால், விரைந்து ஓடக்கூடிய ஒருவனையேனும் முன்னே நிறுத்துங்கள். பந்தைப் பறித்தவன் முதலில் அவனைத் தேடட்டும். மூலையுதையை நாள்தோறும் பயிலுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு சொல். மைதானத்திலிருந்து திரும்பும் பிள்ளையிடம், “எத்தனை கோல் வாங்கினாய்?” என்று கேளாதீர்கள். “எத்தனை முறை முன்னேறினீர்கள்?” என்று கேளுங்கள். அஞ்சி ஒடுங்கித் தோற்றவன் ஆட்டத்தையே வெறுத்துவிடுவான்; நடுக்கோட்டைத் தாண்டி முயன்று தோற்றவனோ மறுநாள் மாலையும் பந்தோடு மைதானத்துக்கு வருவான்.