எத்தனை மணி நேரத்துக்கு சார்?

"சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?"

பைலட் வேலைக்கு எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் எல்லாம் தாண்டி இன்டர்வியூவில் உட்கார்ந்தால், வந்து விழும் கேள்வி இது. நேவிகேஷனைக் கரைத்துக் குடித்த ஆசாமிகூட இங்கே முழிப்பார். "நீங்க எவ்ளோ கொடுத்தாலும் ஓகே சார்" என்று சரணாகதி அடைவது ஒரு ரகம். டிரெயினிங்குக்கு வாங்கிய கடனின் மாதத் தவணையோடு கொஞ்சம் சேர்த்து ஒரு நம்பரை அடித்துவிடுவது இன்னொரு ரகம். ரெண்டுமே வேண்டாம் பாஸ்!

பெரிய ஏர்லைன்ஸில் புதிதாகச் சேருகிறவரின் சம்பளம் பேரத்தில் முடிவாவதில்லை. டிரெய்னி, ஃபர்ஸ்ட் ஆபீசர், கேப்டன் என்று பதவியை வைத்தும், ஓட்டப்போவது ஏ320வா, ஏ.டி.ஆரா என்பதை வைத்தும் முன்பே போட்டு வைத்த கணக்கு அது. 200 மணி நேரம் பறந்து சி.பி.எல். வாங்கிய உங்களுக்கும், வெளியே காத்திருக்கும் அடுத்த ஆளுக்கும் பெரும்பாலும் ஒரே ஸ்கேல்தான். அப்புறம் ஏன் கேட்கிறார்கள்? இந்த வேலையில் காசு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறீர்களா என்று பார்க்கத்தான்.

அதனால் இப்படிச் சொல்லிப் பாருங்களேன்: "டிரெய்னிக்கு உங்க ஸ்கேல் என்னவோ, அது எனக்குச் சம்மதம் சார். அதுல ஃபிக்ஸட் எவ்வளவு, மணிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு கேரண்டினு தெரிஞ்சுக்கலாமா?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயமே இருக்கு. பைலட் சம்பளத்தில் பெரும்பங்கு, பறக்கும் மணிக்கணக்கில் வருவது. விமானம் ரிப்பேராகி நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் இத்தனை மணி நேரத்துக்குப் படி உண்டு என்பதே கேரண்டி. ஏர் இந்தியாவோடு இணைவதற்கு முன்பு விஸ்தாராவில் இந்த கேரண்டியை 70 மணியிலிருந்து 40 ஆக்கினார்கள். பைலட்டுகள் கொதித்துப்போனார்கள். பலர் உடம்பு சரியில்லை என்று லீவு போட, 2024 ஏப்ரல் தொடக்கத்தில் வரிசையாக விமானங்கள் ரத்து! பேச்சுக்கு மணிக்கு 3,000 ரூபாய் என்று வைத்தாலும், பறக்க வாய்ப்பில்லாத மாதத்தில் 90,000 ரூபாய் துண்டு விழும்.

"மாசா மாசம் 100 மணி நேரம் பறக்கலாம், அள்ளலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீங்க. டி.ஜி.சி.ஏ. விதிப்படி வருஷத்துக்கு 1,000 மணி நேரம்தான் உச்சவரம்பு. சராசரியாக மாதம் 83தான் வரும்.

டைப் ரேட்டிங் செலவு யார் தலையில், பாண்டு எத்தனை வருஷம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வேலையை விட ஃபர்ஸ்ட் ஆபீசர் 6 மாதமும் கேப்டன் 12 மாதமும் முன்பே நோட்டீஸ் தர வேண்டும் என்பது 2017-ல் வந்த விதி.

சார்ட்டர் கம்பெனி, ஃபிளையிங் ஸ்கூல் இன்ஸ்ட்ரக்டர் வேலை என்றால் கதையே வேறு. அங்கே நிஜமாகவே பேரம் உண்டு. ரெண்டு மூணு சீனியர்களிடம் விசாரித்து, 'இதிலிருந்து இதுவரை' என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும் சேவையை நிறுத்துவதற்குப் பல மாதங்கள் முன்பே சம்பள பாக்கி தொடங்கிவிட்டது. இதை ஹெச்.ஆரிடம் கேட்க முடியாது. அங்கே வேலை பார்க்கும் சீனியருக்கு ஒரு போன் போடுங்க. ஒண்ணாந்தேதி வருதா, இருபதாந்தேதி வருதானு அவர் சொல்லிடுவார்.