அன்று தேடினார்கள், இன்று கிடக்கிறது

தொலைந்த பாட்டைத் தேடி எடுத்தவர்கள் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் அதிகம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ் ஏறினால் காட்டுமன்னார்கோயில். பழைய பெயர் வீரநாராயணபுரம், நாதமுனிகளின் ஊர். வந்து போன யாத்ரீகர்கள் பாடிய நம்மாழ்வார் பாசுரங்கள் அவர் காதில் விழுந்தன. அது ஆயிரத்தில் பத்துதான் என்று தெரிந்ததும் மிச்சத்தைத் தேடி நம்மாழ்வாரின் ஊரான குருகூர் வரை போனார் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. அதே வட்டாரத்துத் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி, சிதம்பரத்தில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைக் கரையானிடமிருந்து மீட்டார் என்கிறது திருமுறைகண்ட புராணம். அரித்தது போக மிஞ்சியதுதான் இன்று நாம் ஓதுவது. சங்க நூல்களைத் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

அவர் 1937-ல் பதிப்பித்த குறுந்தொகையின் பிரதி ஒன்று அமெரிக்கா போய், சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறை அலமாரியில் உட்கார்ந்திருந்தது. 1962-ல் ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தேடி அங்கே இறங்கிய இளம் ஆசிரியர் ஒருவர் கையில் அது அகப்பட்டது. அவர் ஏ.கே.ராமானுஜன். தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவர்; ஆனாலும் சங்கத் தமிழைப் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்தவரல்ல. நாதமுனிகளுக்கும் நம்பிக்கும் பிறகு நடந்த இன்னொரு கண்டெடுப்பு என்றே இதை நான் சொல்வேன். இடம் மட்டும்தான் தூரம்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய 1929-ல்தான் ராமானுஜன் மைசூரில் பிறந்தார். ஐயங்கார் குடும்பம். அப்பா கணிதப் பேராசிரியர், வானியலிலும் ஜோதிடத்திலும் ஒருசேர ஈடுபாடு கொண்டவர். மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், கீழே சமையலறையில் அம்மாவோடு தமிழ், தெருவில் இறங்கினால் கன்னடம். வீட்டின் அமைப்பே மொழிகளின் அமைப்பாக இருந்ததைப் பின்னாளில் அவர் கட்டுரைகளில் எழுதினார். ஆங்கில இலக்கியம் படித்து, கொல்லம், பெல்காம், பரோடா என்று ஊர் ஊராகப் பாடம் நடத்தி, 1959-ல் உதவித்தொகையில் அமெரிக்கா போனார். மொழியியலில் முனைவர் பட்டம் வாங்கி, கடைசிவரை சிகாகோவிலேயே தங்கிவிட்டார். இந்திய-அமெரிக்கர் என்று எழுதும்போது நடுவில் வருகிற சிறுகோடுதான் நான் என்று தம்மைப் பற்றிக் கிண்டலாகச் சொல்லிக்கொள்வார்.

பிறந்துவிட்டதால் மட்டும் மரபு ஒருவனுக்குச் சொந்தமாகிவிடாது, அதை உழைத்துத்தான் மீட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. பேச்சாகச் சொல்லவில்லை, செய்து காட்டினார். 1967-ல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' வந்தது; குறுந்தொகைப் பாடல்களில் தேர்ந்தவை ஆங்கிலத்தில். அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்தது தலைப்பு வைத்த விதம். சங்கப் பாட்டின் கீழே தலைவி தோழிக்குச் சொன்னது, பாங்கன் தலைவனுக்குச் சொன்னது என்று ஒரு துறைக் குறிப்பு இருக்கும். வகுப்பில் அதைக் கடனுக்குப் படித்துத் தாண்டிவிடுவோம். அவர் அதைத் தூக்கிப் பாட்டின் தலையில் வைத்தார். யார் பேசுகிறார்கள், யார் கேட்கிறார்கள் என்பது தெரிந்த பிறகே வெளிநாட்டு வாசகன் பாட்டுக்குள் நுழைகிறான். தமிழில் வினை கடைசியில் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் முன்னாலேயே வந்துவிடும். ஒரே மூச்சில் ஓடும் நீண்ட வாக்கியத்தை என்ன செய்வது? வரிகளைப் படிக்கட்டாக இறக்கி, நடுவில் வெற்றிடம் விட்டு, காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்படி அடுக்கினார். உரையாசிரியர் செய்கிற வேலையைத் தாளிலுள்ள வெள்ளையை வைத்தே செய்தார் என்று சொல்லலாம். உவமைக்குள் ஒளிந்த உள்ளுறை முழுவதும் அப்படிக் கடந்து போயிற்றா என்றால், போகவில்லைதான். அதற்காகவே நூலின் பின்னால் ஐந்திணையை விளக்கும் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினார். பாட்டைப் போலவே அதுவும் பலருக்கு வாசலாயிற்று.

அந்தப் புத்தகம் போன தூரத்தையும் சொல்ல வேண்டும். குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார் பாடிய நாற்பதாம் பாட்டு, ராமானுஜனுடைய ஆங்கிலத்தில், லண்டன் பாதாள ரயில் பெட்டிகளில் ஒட்டப்பட்டது. விக்ரம் சந்திரா 1995-ல் எழுதிய ஆங்கில நாவலின் தலைப்பே அந்த மொழிபெயர்ப்பில் வரும் ஒரு தொடர்தான். வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு லண்டன்வாசி நின்று சங்கப் பாட்டைப் படிக்கிறான். சொந்தப் பெயர்கூடத் தெரியாத, பாட்டிலுள்ள உவமையாலேயே பெயர் பெற்ற புலவருக்கு வேறென்ன வேண்டும்!

பிறகு 1973-ல் கன்னட வசனங்கள்: பசவண்ணர், அக்கமகாதேவி, அல்லமப் பிரபு. 1981-ல் நம்மாழ்வார். 1985-ல் அகமும் புறமும் சேர்ந்த பெரிய தொகுப்பு. வைணவ வீட்டுப் பிள்ளை வீரசைவப் பாடல்களுக்கு இத்தனை உழைப்பைக் கொடுத்ததில் சிலருக்கு வியப்பு. மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்குப் போகும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாளை அங்குள்ள முஸ்லிம்கள் எதிர்கொண்டு வரவேற்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை.

எனக்கு அவர்மேல் ஒரு குறை உண்டு. சொந்தக் கவிதைகளை ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எழுதினார். கன்னடத்தில் மூன்று கவிதைத் தொகுதிகள், ஒரு குறுநாவல். தமிழுக்குக் கிடைத்தது உழைப்பு, கவிதை அல்ல. ஆனால் தமிழை அவர் ஆங்கிலத்துக்குள் விட்டுவைத்த இடங்கள் உண்டு. 1966-ல் வந்த முதல் தொகுதியில் வைகை வெள்ளத்தைப் பற்றி ஒரு கவிதை. வெள்ளத்தின் அழகைப் பழைய புலவர்கள் பாடினார்கள், புதிய கவிஞர்களும் அவர்களைப் பார்த்து அதையே பாடுகிறார்கள். அடித்துச் செல்லப்பட்ட கர்ப்பிணியைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை என்று குத்திக் காட்டுகிறார். 2015 மழையில் கடலூர் மாவட்டம் மூழ்கியபோது அந்தக் கவிதையை நினைத்துக்கொண்டேன். வெள்ளாறும் வீராணமும் எங்களுக்கு வெறும் வர்ணனை இல்லையே.

அவர் 1993 ஜூலையில், அறுவை சிகிச்சைக்காகக் கொடுத்த மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல், 64 வயதில் இறந்தார். இணையம் வீடுகளுக்கு வரும் முன்பே போய்விட்டார்.

இன்று நிலைமை தலைகீழ். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் 1998-ல் தொடங்கியது. அதன்பின் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் வந்தது. ராமானுஜன் நிலவறைக்கு இறங்கித் தேடியதை ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் நின்றபடி கைபேசியில் உரையோடு திறந்துவிடலாம். சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளும் தினமும் தமிழில் எழுதுகிறார்கள், பேசுகிறார்கள், பதிவிடுகிறார்கள். கடிதம் வர மாதம் ஆகும் என்ற கவலை இல்லை. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழுக்கு ஆளும் பணமும் சேர்ந்திருக்கின்றன. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரட்டப்பட்டது. அதில் 10 கோடி ரூபாய் தமிழக அரசு கொடுத்தது.

வேலையும் பிரிந்துவிட்டது. அன்று கவிஞர், மொழிபெயர்ப்பாளர், ஆய்வாளர் மூவரும் ஒரே ஆள். பின்னர் ஈழத்துக் கவிஞர் சேரன் கனடாவிலிருந்து தமிழில் எழுதினார். சேலத்தில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் தந்தார். அவரும் 2016-ல் மறைந்தார். அவசரத்துக்கு இயந்திரமே மொழிபெயர்த்துக் கொடுக்கிறது. பொருளைச் சுமாராகச் சொல்லிவிடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் தலைவியின் கோபம் தலைவன்மேலா, அவன் காதில் விழட்டும் என்று தோழியிடம் காட்டும் பொய்க்கோபமா என்று அதற்குத் தெரிவதில்லை.

ராமானுஜனை இன்று பலர் அறிந்திருப்பது வேறொரு காரணத்துக்காக. முன்னூறு ராமாயணங்கள் என்ற அவருடைய கட்டுரையை டெல்லிப் பல்கலைக்கழகம் 2011-ல் வரலாற்றுப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. பெரிய சர்ச்சை. வால்மீகியின் அகலிகையையும் கம்பனின் அகலிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் கட்டுரை அது. கம்பனுக்கு வடஇந்திய வகுப்பறையில் கிடைத்த நல்ல இடங்களில் ஒன்று போயிற்று. அந்தச் சண்டையில் நம்மவர்கள் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சிதம்பரத்திலும் கடலூரிலும் தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பதாம் பாட்டு உங்களுக்கு மனப்பாடம். அதன் பக்கத்தில் ராமானுஜனுடைய ஆங்கிலத்தை வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். எங்கே அவர் ஜெயித்தார், எங்கே விட்டுவிட்டார் என்று ஆங்கிலப் பேராசிரியரைவிட உங்களால்தான் சொல்ல முடியும். 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' 2014-ல் மறுபதிப்பாக வந்திருக்கிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் இல்லையென்றால், வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.