மூளையைக் காக்கும் குளிசை உண்டா?

"பாரிசவாதத்தின் பின் மூளையையும் ஞாபகத்தையும் காக்கும் மருந்து உண்டா?" கல்கிசையில் ஒரு வீட்டார் எம்மிடம் கேட்டனர்.

விடை தேடிய ஆசிய ஆய்வொன்றில் இலங்கையும் பங்குகொண்டது. நோய் கண்டு 72 மணி நேரத்துள் வந்த 1,100 பேரில் ஒரு பகுதியினருக்கு 'நியூரோஎய்ட்' எனும் சீன மரபு மருந்தும், மற்றோருக்கு அதேபோன்ற வெற்று மருந்தும் கொடுத்தனர். எவருக்கு எதுவென்று வைத்தியரும் அறியார். 2013இல் முடிவு வெளியானது: மூன்று மாதங்களின் பின் அன்றாட அலுவல்களைச் செய்யும் ஆற்றலில் தெளிவான வேறுபாடில்லை. ஐரோப்பாவில் 2,298 பேரிடம் சோதித்த சிட்டிகோலினும் 2012இல் அவ்வாறே தோற்றது.

ஆனால் நேரம் காக்கும். பெருங்குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் மடிகின்றன. குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, ஏற்றவர்களுக்கு, வழமையாக நாலரை மணி நேரத்துள் ஏற்றவேண்டும். வாய் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்த்துக் காத்திராமல் 1990ஐ அழைப்போம்.